வடமேற்கு அமெரிக்காவின் காட்டுத் தொழிலாளர்கள்: அந்தத் தனிமை அவர்களுடைய இயல்பா, தொழில் ஏற்படுத்தியதா?

கானகன் எழுதியது:

ஐடஹோவின் வடபகுதி, மேற்கு மொன்டானா, கிழக்கு வாஷிங்டன் ஆகிய மலைக்காடுகளில் 1880 முதல் 1920 வரை மரம் வெட்டியும் இருப்புப்பாதை போட்டும் வாழ்ந்த ஆண்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான மனிதனையே நமக்குக் காட்டுகிறார்கள். அவன் அதிகம் பேசமாட்டான், யாரையும் சார்ந்திருக்கமாட்டான், மலையும் மரமுமே போதுமென்று ஒதுங்கி வாழ்வான். சில ஆண்டுகளாக இந்த வட்டாரத்தின் தொழில் வரலாற்றைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு இந்தச் சித்திரம் நியாயமானதாகப் படவில்லை. அவனுடைய தனிமையில் பெரும்பகுதி அவனுக்குக் கிடைத்த வேலையின் அமைப்பிலிருந்தே பிறந்தது என்பது என் கருத்து.

முதலில் இருப்புப்பாதையை எடுத்துக்கொள்வோம். நார்தர்ன் பசிபிக் பாதை 1883-லும், கிரேட் நார்தர்ன் பாதை 1893-லும், மில்வாக்கி நிறுவனத்தின் பசிபிக் நீட்டிப்பு 1909-லும் நிறைவடைந்தன. பாதை ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிச் சென்றதும் அங்கே பாலம் கட்டியவனுக்கும் குகை குடைந்தவனுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அவன் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த முகாமுக்கு நடக்க வேண்டியிருந்தது. காட்டு வேலையும் இவ்வாறே பருவத்தைப் பொறுத்தது. பனிக்காலத்தில் குதிரைகளைக் கொண்டு பனிமேல் மரங்களை இழுத்து ஆற்றங்கரையில் அடுக்குவார்கள். பனி உருகி ஆறு பெருகும்போது அவற்றை நீரில் இறக்கி ஓட்டிச்செல்வார்கள். கோடை வந்தால் சிலர் கோதுமை அறுவடைக்கும் சிலர் பாதை பழுதுபார்க்கும் வேலைக்கும் போவார்கள். இப்படி ஆண்டுக்கு மூன்று நான்கு இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் புதிய மனிதர்களோடு உறங்கி எழுபவனுக்கு நட்பு எங்கிருந்து வேர்பிடிக்கும்?

அதற்கும் மேலாகக் கிழக்கு வாஷிங்டனில் உள்ள ஸ்போக்கேன் நகரத்தின் ஆள்பிடிக்கும் தரகர்கள் இருந்தார்கள். ஒரு டாலரோ அதற்கு மேலோ வாங்கிக்கொண்டு வேலைச் சீட்டு எழுதித் தருவார்கள். முகாமின் மேஸ்திரியும் தரகரும் அந்தப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக எங்கும் பேச்சு இருந்தது. ஆட்களை எவ்வளவு விரைவாக நீக்கிப் புதியவர்களை எடுக்கிறார்களோ அந்த அளவுக்கு இருவருக்கும் வருமானம். முகாம் ஒன்றுக்கு எப்போதும் மூன்று கூட்டம் உண்டு, ஒன்று வேலை செய்யும், ஒன்று வந்துகொண்டிருக்கும், ஒன்று போய்க்கொண்டிருக்கும் என்று தொழிலாளர்களே சொல்லிக்கொண்டார்கள். வேலை தேடுபவனிடம் கட்டணம் வாங்கக் கூடாதென்று 1914-இல் வாஷிங்டன் மாநில மக்கள் வாக்களித்துச் சட்டமே கொண்டுவந்தார்கள். 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஒருவனை ஓரிடத்தில் தங்கவிடாமல் இருப்பதிலேயே லாபம் கண்ட ஏற்பாட்டுக்குள் அவனை வைத்துவிட்டு, அவன் இயல்பிலேயே தனிமை விரும்பி என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

ஸ்போக்கேன்வாசி எழுதியது:

கானகன் ஐயாவுக்கு வணக்கம். நான் இந்த நிலப்பகுதியில் பல காலமாக வசிப்பவன், பழைய முகாம்கள் இருந்த இடங்களை நடந்து பார்ப்பதில் ஆர்வமுள்ளவன். நீங்கள் தரகர்களைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் காட்டு வேலையை மிக அருகில் போய்ப் பார்த்தால், அதில் தனிமைக்கு நேரெதிரான ஒன்றும் இருந்ததைக் காணலாம். இங்குள்ள சிறு அருங்காட்சியகங்களில் தொங்கும் பழைய ரம்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வருகிறது.

இருவர் இழுக்கும் நீண்ட ரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடி நீளமும் உண்டு, பெருமரங்களுக்குப் பத்தடியும் உண்டு. அதன் இரு முனைகளிலும் மரக்கைப்பிடி இருக்கும். அதை இழுக்க மட்டுமே வேண்டும், ஒருபோதும் தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வெட்டுக்குள் வளைந்து சிக்கிக்கொள்ளும். ஒருவன் இழுத்து முடித்த கணத்தில் தன் கையைத் தளர்த்தி, மற்றவன் இழுப்பதற்கு இடம் விட வேண்டும். இந்தத் தாளம் கைகூட வாரக்கணக்காகும் என்பார்கள். கைகூடிய பிறகு இருவரும் காலையிலிருந்து மாலைவரை ஒரு சொல்லும் பேசாமல் ஒருவரையொருவர் மூச்சின் அளவு வரை அறிந்துவைத்திருப்பார்கள். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில் முதலில் கோடாலியால் வாய் திறப்பார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ரம்பம் உள்ளே போகும். வெட்டு ஆழமானதும் மரத்தின் எடை தகட்டை நசுக்காமலிருக்க ரம்பத்துக்குப் பின்னால் ஆப்பு அடிப்பார்கள். பைன் மரத்தின் பிசின் பற்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பழைய விஸ்கி புட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, அதன் வாயைப் பைன் ஊசியிலைகளால் அடைத்து, ஒரு கொக்கியால் மரப்பட்டையில் மாட்டிவைத்திருப்பார்கள்; அவ்வப்போது அதை எடுத்துத் தகட்டின்மேல் தெளிப்பார்கள். வெட்டிலிருந்து வெளிவருவது தூளாக இருந்தால் ரம்பத்துக்கு அரம் போட்டவன் சரியில்லை என்று பொருள். நீள நீளமான இழைகளாகச் சுருண்டு வந்தால் அவன் கைதேர்ந்தவன். முகாமில் நல்ல கூலி பெற்றவர்களில் அந்த அரம் போடுபவனும் ஒருவன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், தன் உயிரை எதிர்முனையில் நிற்பவனின் கையில் கொடுத்துவிட்டு வேலை செய்தவனை முற்றிலும் தனியன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலே உடைந்து சிக்கியிருக்கும் காய்ந்த கிளையை அவர்கள் விதவையாக்கி என்றே அழைத்தார்கள். மரம் அசையத் தொடங்கும்போது அந்தக் கிளை எப்போது விழும் என்பது யாருக்கும் தெரியாது. முதலில் அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுப்பவன் எதிர்முனைக்காரன்தான்.

---

மருதம் எழுதியது:

இருவர் எழுதியதையும் கவனமாகப் படித்தேன். ஸ்போக்கேன்வாசி ஐயா சொல்லும் நெருக்கம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த நெருக்கம் வேலை நேரத்தோடு முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல முகாம்களில் சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. உப்பைக் கேட்கலாம், ரொட்டியைக் கேட்கலாம், வேறெதுவும் பேசக் கூடாது. பேச்சு வளர்ந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் சமையல்காரரின் நேரம் கெடும் என்பது காரணம். உண்டு முடித்ததும் கொட்டகைக்குள் போனால், நடுவில் எரியும் அடுப்பைச் சுற்றிக் கட்டிய கம்பிகளில் பல பேருடைய ஈரக் கம்பளிக் காலுறைகள் தொங்கும். இரண்டடுக்குப் பலகைப் படுக்கைகளில் பக்கவாட்டில் ஏற முடியாது. கால்மாட்டிலிருந்து ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். அத்தனை பேர் நெருங்கிப் படுத்திருந்த அந்த இடத்தில், இறந்துபோன தன் குழந்தையைப் பற்றி ஒருவன் யாரிடம் வாய்திறந்து பேசியிருப்பான்?

இழப்பைப் பற்றி எழுத வந்தேன். 1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டு நாள்களில் இந்தக் காடுகளில் நிகழ்ந்ததைக் குறிப்பிடாமல் இவ்விவாதம் முழுமையடையாது. அந்தக் கோடையில் மழையே இல்லை. நூற்றுக்கணக்கான சிறு தீக்கள் முன்பே எரிந்துகொண்டிருந்தன. இடிமின்னலாலும், ரயில் என்ஜின்களிலிருந்து பறந்த பொறிகளாலும், குடியேறிகளின் கவனக்குறைவாலும் அவை தோன்றியிருந்தன. 20-ஆம் தேதி பிற்பகலில் புயல்போன்ற காற்று எழுந்து அவை அனைத்தையும் ஒன்றாக்கியது. இரண்டே நாள்களில் சுமார் 30 இலட்சம் ஏக்கர் காடு அழிந்தது. குறைந்தது 85 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கக் கூலிக்கு அழைத்துவரப்பட்டவர்கள். ஐடஹோவின் வாலஸ் நகரில் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. வனத்துறை அப்போது ஐந்தே வயதான நிறுவனம், அதனிடம் போதிய ஆட்கள் இல்லை. ஆகவே பியூட், மிசூலா, ஸ்போக்கேன் தெருக்களில் வேலையின்றி நின்றவர்களை மணிக்கு 25 சென்ட் கூலி பேசி அழைத்துவந்தார்கள். அவர்களில் பலர் அதுவரை காட்டுத்தீயைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள்.

எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் ஏறத்தாழ 45 பேரை வாலஸுக்குத் தெற்கே இருந்த ஒரு பழைய சுரங்கத்துக்குள் அழைத்துச்சென்ற நிகழ்ச்சியைப் பலரும் அறிவார்கள். உள்ளே புகை நிறைந்ததும் வெளியே ஓட முயன்றவர்களைத் துப்பாக்கியைக் காட்டித் தடுத்தார். வாயிலில் கம்பளிகளை மாட்டி, அவை தீப்பற்றும்போதெல்லாம் கிடைத்த நீரை வாரி இறைத்தார். கடைசியில் அவரும் மயங்கி விழுந்தார். ஐவர் உள்ளேயே இறந்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. கோடாலியும் மண்வெட்டியும் ஒரே தலையில் அமைந்த அவருடைய கருவியை இன்றும் தீயணைப்பவர்கள் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஏவரி என்ற சிற்றூரின் மக்களை ரயிலேற்றிக் காப்பாற்றிய இருபத்தைந்தாம் காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்களும், தாமதமாகவே ஆனாலும், வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார்கள். இறந்த கூலிகளில் சிலருடைய முழுப்பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. செயின்ட் மேரிஸ் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அவர்களை வட்டமாகப் புதைத்திருக்கிறார்கள். தகவல் தெரிவிப்பதற்கு ஒரு முகவரியும் இல்லாமல் இறந்துபோனவனின் தனிமை அவன் இறக்கும்போது தொடங்கியதல்ல, வேலைச் சீட்டை வாங்கிய அன்றே தொடங்கிவிட்டது. அந்த வகையில் நான் கானகன் ஐயாவின் பக்கம்தான்.

---

பழஞ்சுவடி எழுதியது:

இந்த இழையில் இதுவரை பேசப்பட்ட தொழிலாளி யார் என்று கேட்க விரும்புகிறேன். நாம் எல்லோரும் மனத்தில் வைத்துப் பேசுவது வெள்ளைக்காரத் தொழிலாளியை. அவனுக்கு முன்பே மேற்கு அமெரிக்காவின் மலைகளைக் குடைந்தவர்கள் சீனர்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் சென்ட்ரல் பசிபிக் இருப்புப்பாதைக்காக உச்சிக் குகையைக் குடைந்தபோது, கருங்கல்லில் ஒரு முகத்தில் நாளுக்கு ஓரடி முன்னேறுவதே பெரும்பாடாக இருந்தது. 1867 ஜூனில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் கேட்டு, எந்த வன்முறையுமின்றி வேலையை நிறுத்தினார்கள். நிறுவனம் முகாம்களுக்குச் சென்ற உணவை நிறுத்தியே அந்தப் போராட்டத்தை ஒரு வாரத்தில் முறியடித்தது.

கானகன் ஐயா தனிமையைத் தொழில் அமைப்பின் விளைவு என்கிறார். சீனர்களின் தனிமையைச் சட்டமே உருவாக்கியது. 1875-இல் வந்த பேஜ் சட்டம் நடைமுறையில் சீனப் பெண்களை நாட்டுக்குள் வரவிடவில்லை. 1882-இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்களின் வருகையையே நிறுத்தியது, அது 1943 வரை நீடித்தது. ஏற்கெனவே அங்கிருந்த ஆண்கள் மனைவியை அழைத்துவரவும் முடியாமல், ஊருக்குப் போனால் திரும்பி நுழைய முடியுமா என்ற அச்சத்தோடும் முதுமை எய்தினார்கள். இறந்தவர்களின் எலும்புகளை எடுத்துச் சுத்தம் செய்து தாய்நாட்டுக்கு அனுப்பும் பொறுப்பை அவர்களுடைய ஊர்ச் சங்கங்கள் ஏற்றிருந்தன. அந்தச் சங்கங்களைப் பார்க்கும்போது, தனிமையைத் திணித்த சூழலிலும் அவர்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை என்பது விளங்கும்.

இன்னொன்றையும் நாம் துணிந்து பேச வேண்டும். சீனர்களைத் துரத்தியவர்களில் பெருமுதலாளிகளைக் காட்டிலும் சகதொழிலாளர்களே மிகுதி. 1885 செப்டம்பர் 2-ஆம் தேதி வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் குறைந்தது 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டனின் டகோமா நகரம் தன் சீனர்கள் அனைவரையும் மழையில் நடக்கவைத்து வெளியேற்றியது. 1887-இல் ஓரிகானுக்கும் ஐடஹோவுக்கும் இடையேயுள்ள ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பொன் அரித்துக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட சீனர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது, அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1907 செப்டம்பர் 4-ஆம் தேதி வாஷிங்டனின் பெல்லிங்ஹாம் நகர மர ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபியரை, பெரும்பாலும் சீக்கியர்களை, ஒரு கும்பல் படுக்கையிலிருந்து இழுத்து வெளியேற்றியது. சில நாள்களுக்குள் அவர்கள் அனைவரும் அந்த ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

இவற்றில் கை வைத்தவனும், கை வைக்காமல் வேடிக்கை பார்த்தவனும், பிற்காலத்தில் ஏதோ ஒரு மலைச்சரிவில் தனிக்குடிசையில் உட்கார்ந்திருந்திருப்பார்கள். அவர்களுடைய மௌனத்தில் துயரத்தோடு குற்றமும் கலந்திருந்திருக்கலாம். அந்த மௌனத்தை இயற்கையோடு ஒன்றிய அமைதி என்று பாராட்டுவதற்கு முன் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

---

கானகன் எழுதியது:

பழஞ்சுவடி நண்பர் எழுதியது இந்த விவாதத்துக்கு மிகவும் தேவையானது. நான் தொழில் அமைப்பை மட்டும் குற்றஞ்சாட்டியபோது, அந்த அமைப்புக்குள் இருந்தவர்களுக்கும் தங்கள் செயலில் பங்கு உண்டு என்பதை அழுத்திச் சொல்லவில்லை. ஆட்களை இனவாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கொட்டகைகளில் வைத்ததும், ஒரு கூட்டத்தின் கூலியைக் காட்டி மற்றொரு கூட்டத்தை மிரட்டியதும் நிறுவனங்களின் வழக்கம்தான். ஆனால் அந்தப் பகையைக் கையிலெடுத்து நள்ளிரவில் மற்றவனின் கதவைத் தட்டியது தொழிலாளியே. இதை மறைத்துவிட்டு அவனுக்காகப் பரிந்து பேச முடியாது.

எனினும் அதே வட்டாரத்தில் எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொள்வோம் என்று அறிவித்த ஒரு சங்கமும் பரவியது. 1905-இல் சிகாகோவில் தோன்றிய உலகத் தொழிலாளர் சங்கத்தை, அதாவது ஐ.டபிள்யூ.டபிள்யூ-வைச் சொல்கிறேன். 1909-இல் ஸ்போக்கேனின் தெருமுனைகளில் தரகர்களுக்கு எதிராகப் பேசியதற்காக அதன் உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். 1917 கோடையில் ஐடஹோவிலும் வாஷிங்டனிலும் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் முன்வைத்த கோரிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. எட்டு மணி நேர வேலை, கௌரவமான உணவு, குளிப்பதற்கு வசதி, முதலாளியே படுக்கையும் போர்வையும் தர வேண்டும் என்ற அளவில்தான் அவர்கள் கேட்டார்கள். அதுவரை ஒவ்வொருவனும் தன் கம்பளியைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு முகாம் முகாமாகப் போனான். ஒரு முகாமின் பேன் அடுத்த முகாமுக்கு அவனோடேயே போயிற்று. ஊருக்குள் நுழைந்தால் முதுகிலிருந்த மூட்டையைப் பார்த்தே நாடோடி என்று விரட்டினார்கள்.

முதல் உலகப் போர்க்காலத்தில் விமானங்களுக்கு ஸ்ப்ரூஸ் மரம் தேவைப்பட்டதால் ராணுவமே காட்டுக்குள் இறங்கியது. 1918 மார்ச் 1 முதல் எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது, படுக்கைகளும் வந்தன. அந்த ஆண்டின் மே நாளில் தொழிலாளர்கள் தங்கள் பழைய கம்பளி மூட்டைகளைக் குவித்துத் தீயிட்டார்கள். சங்கத்தை அரசு அதற்குள் பெருமளவு நசுக்கிவிட்டிருந்தது என்பது வேறு. தனிமை இயல்பு என்றால் அதற்கு எதிராக அவர்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டுத் திரண்டார்கள் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

---

புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். மரம் விழுந்தோ பாலத்திலிருந்து தவறியோ ஒருவர் இறந்தால், அவருடைய மனைவி மக்களுக்கு ஏதேனும் கிடைத்ததா? யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

மருதம் எழுதியது:

புதுவரவு கேட்டதற்கு என்னால் இயன்றவரை சொல்கிறேன். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வாஷிங்டனில் 1911-லும் ஐடஹோவில் 1917-லும்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன் விபத்தில் இறந்தவனின் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அங்கே முதலாளிக்கு மூன்று கேடயங்கள் தயாராக இருந்தன. அபாயம் உள்ள வேலை என்று தெரிந்தே அவன் சேர்ந்தான் என்பது ஒன்று. அவனுடைய கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்பது இன்னொன்று. உடன் வேலை செய்தவனின் தவறால் விபத்து நேர்ந்தால் முதலாளி பொறுப்பல்ல என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். ஸ்போக்கேன்வாசி ஐயா அவ்வளவு அழகாக விவரித்த ரம்பத்தின் எதிர்முனைக்காரன் ஒரு கணம் அண்ணாந்து பார்க்கத் தவறியிருந்தால், சட்டத்தின் கண்ணில் குற்றவாளி அவன்தான், முதலாளி அல்ல. விதவை தன் கணவனுக்கு நெருங்கியிருந்த ஒரே மனிதனைக் குறைசொல்லாமல் வழக்குத் தொடரவே முடியாது. அப்படிக் குறைசொன்னால் வழக்கில் தோற்றுப்போவாள். அந்த மனிதனும் தன் கண்முன் இறந்தவனுக்காக அழுவதா, தன்மேல் பழி வராமல் ஒதுங்குவதா என்று அறியாமல் நின்றிருப்பான். பல நேரங்களில் அவன் அடுத்த நாளே கூலியைக் கணக்குத் தீர்த்து வாங்கிக்கொண்டு வேறு முகாமுக்குப் போய்விடுவான். குடும்பத்தோடு குடியேறியவர்களின் நிலையும் சுலபமானதன்று. 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்க ஐந்தாண்டுகள் அங்கே வசித்துப் பயிரிட்டுக் காட்ட வேண்டும், ஆனால் மலைநிலத்தின் விளைச்சல் சாப்பாட்டுக்குப் போதாது. ஆகவே கணவன் கூலிக்குப் போக, அந்த மாதங்கள் முழுவதும் காட்டின் நடுவே குழந்தைகளோடு நிலத்தைக் காத்தவள் மனைவி. இந்த வரலாறுகளில் அவளுடைய தனிமையைப் பற்றி யாரும் காவியம் பாடவில்லை.

---

ஸ்போக்கேன்வாசி எழுதியது:

மருதம் அம்மா சுட்டிக்காட்டிய சட்டத்தை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. அது ரம்பத்தைப் பற்றி நான் எழுதியதன் எடையை இன்னும் கூட்டுகிறது.

இருந்தபோதிலும் என் ஐயம் ஒன்று தீரவில்லை. எல்லாவற்றையும் இழந்த பிறகு, போக இடமிருந்தும், எரிந்த நிலத்துக்கே திரும்பிவந்து குடிசை போட்டவர்கள் உண்டு. அவர்களை எந்தத் தரகரும் அங்கே அனுப்பவில்லை. 1910-இல் எரிந்த சரிவுகளை இன்று பார்த்தால் அது ஏன் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. தீக்குப் பிறகு முதலில் வருவது செவ்வூதா நிறத்தில் பூக்கும் தீப்பூண்டு. சாம்பல் படிந்த நிலம் அடுத்தடுத்த கோடைகளிலேயே அதனால் மூடப்பட்டுவிடும். லாட்ஜ்போல் பைனின் கூம்புகளில் பல பிசினால் ஒட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடப்பவை. தீயின் வெப்பம் பட்டால்தான் அவை திறந்து விதையைக் கொட்டும். பழைய லார்ச் மரங்கள் தடித்த பட்டையின் காரணமாகத் தீயைத் தாண்டியும் நிற்கும். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்காலத்தில் பொன்னிறமாகி இலைகளை உதிர்க்கும், வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். வெள்ளைப் பைன் மட்டும் அந்த அளவுக்கு மீளவில்லை, ஏனெனில் ஐரோப்பாவிலிருந்து நாற்றுகளோடு வந்த கொப்புளத்துரு நோய் அதைப் பின்னாளில் பெருமளவு அழித்தது. தன் குடும்பத்தை அந்த மண்ணில் இழந்த ஒருவன், இந்த மாற்றங்களை ஆண்டுதோறும் அருகிலிருந்து பார்க்க விரும்பியிருப்பான் என்றால், அவனுடைய தனிமையை முழுக்கத் திணிக்கப்பட்டது என்று சொல்ல முடியுமா? இறந்தவர்களுக்கு அருகில் இருப்பதற்காக அவன் உயிரோடிருப்பவர்களிடமிருந்து விலகியிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

---

பழஞ்சுவடி எழுதியது:

ஸ்போக்கேன்வாசி ஐயா சொல்வது ஒரு சிலருக்குப் பொருந்தும், அதை மறுக்க மாட்டேன். திரும்பிவருவதற்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தவர்கள் அவர்கள். நிலமில்லாத பெரும்பாலோர் முதுமையில் எங்கே போனார்கள் என்றால், சியாட்டிலின் யெஸ்லர் தெருவிலும் போர்ட்லேண்டின் பர்ன்சைடிலும் ஸ்போக்கேனின் ரயில்பாதை ஓரத்திலும் இருந்த மலிவு விடுதி அறைகளுக்கோ மாவட்ட ஏழையர் இல்லங்களுக்கோ போனார்கள். சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-இல்தான் வந்தது, அப்போது 1880-களில் வேலைக்கு வந்தவன் எழுபது வயதை நெருங்கியிருப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சங்கிலி ரம்பம் பரவியபோது ஒருவனே ஒரு மரத்தை வீழ்த்த முடிந்தது, எதிர்முனைக்கு ஆள் தேவைப்படவில்லை. விடுதி அறையில் இருந்தவர்களுக்கு லார்ச் மரம் தளிர்ப்பதைப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. இரண்டு வகைத் தனிமையையும் ஒரே சொல்லால் குறிப்பதில்தான் நம்முடைய கருத்து வேறுபாடு தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

---

கானகன் எழுதியது:

இந்த வேறுபாட்டை ஏற்கிறேன். இழப்புக்குப் பிறகு ஒருவன் தானே எடுத்துக்கொண்ட தனிமையும், இழப்பைச் சொல்லி அழுவதற்குக்கூட ஆளில்லாமல் செய்துவிட்ட தனிமையும் வெவ்வேறு. முதலாவதை நான் மதிக்கிறேன். இரண்டாவதற்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

இதைத் தொடர்ந்து ஆராய விரும்புபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 1910-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏப்ரல் 15-ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டது, அதாவது பெருந்தீக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு. மரவெட்டு முகாம்களும் ரயில்பாதை முகாம்களும் அதில் தனிப்பக்கங்களில் பதிவாகியிருக்கின்றன. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்கும் பத்தியில் வரிசையாகத் தங்குபவர், தங்குபவர் என்றே எழுதியிருப்பார்கள். அடுத்த பத்திகளில் மணமானவரா, மனைவியை இழந்தவரா, எந்த நாட்டில் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியுமா என்ற விவரங்கள் இருக்கும். தனிமை விரும்பிகள் என்று நாம் எண்ணும் அந்த முகாம் ஆண்களில் எத்தனை பேர் மணமானவர்கள், எத்தனை பேர் மனைவியை இழந்தவர்கள் என்று யாராவது ஒரு மாவட்டத்துக்காவது எண்ணிப்பார்த்தால் இந்த விவாதம் ஊகத்திலிருந்து விலகி உறுதியான நிலத்துக்கு வரும். ஷோஷோன் மாவட்டத்தின் பக்கங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். வாலஸும் ஏவரியும் அதில்தான் இருக்கின்றன. மொன்டானா பக்கத்தை மருதம் அம்மா எடுத்துக்கொள்ள முடியுமா?